உரல் பட்டாளம்

"இன்னும் சாய்ங்கடா! இன்னும்!"

உள்ளே கயிற்றுக் கட்டிலில் செத்துக்கொண்டிருந்த நாகராசு போட்ட அதட்டலுக்கு, வெளியே முற்றத்தில் ஐந்து ஆண்பிள்ளைகள் கடப்பாரையை உந்தினார்கள். கல் உரல் அசைந்து கொடுத்தது. அதுவும் ஒரு நெல்மணி அகலம்தான். வல்லத்திராக்கோட்டையில் அதற்கு ஈடான உரல் கிடையாது. செங்கமலத்தைக் கட்டிக்கொடுத்தபோது சீரோடு ஏற்றி வந்த வண்டிக்கு வழியில் மூன்று தடவை அச்சு முறிந்தது. இழுத்து வந்த மாடுகள் இரண்டும் அதன்பிறகு உருண்டையாக எதைக் கண்டாலும் படுத்துக்கொண்டன. இறக்கி வைத்த அன்றைக்கே உரல் தானாக அரையடி பூமிக்குள் போனது. மிச்ச அரையடி இருபத்தைந்து வருஷத்து உலக்கைக் குத்தில் போனது.

செங்கமலம் நிலைப்படியில் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக நின்றாள். ஐப்பசித் தூறல் வெளிக்காலை நனைத்தது.

"சாயுறாங்க, சாயுறாங்க," என்று உள்ளே பார்த்துச் சொன்னாள். "சாயலையாம்," என்று வெளியே பார்த்துச் சொன்னாள். காலையிலிருந்து இதே வேலை.

மூன்று நாளாக அவள் புருஷன் தொண்டையில் பொட்டுக் கஞ்சி இறங்கவில்லை. ஈரல் போய்விட்டது, வீட்டோடு வைத்துக்கொள்ளுங்கள் என்று டவுன் டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். கண் இமையைத் தூக்கவே தெம்பில்லாமல் கிடந்த மனுஷன் இன்று விடிந்ததும் எழுந்து உட்காராத குறையாக, "ஒரலைச் சாய்!" என்றார்.

இழவு வீட்டு விஷயத்தில் அடுத்த வீட்டு மூக்காயியைக் கேட்காமல் அந்த ஊரில் எமன் கூடக் கால் வைக்கமாட்டான். அவள் வந்து நாடி பார்த்து, மூக்கில் விரலை வைத்துப் பார்த்து, வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள்.

"உசுரு ஒரலைப் பிடிச்சுக்கிட்டு நிக்குதுடி. சாய்ச்சு விட்டாத்தான் போகும்."

செங்கமலத்துக்கு அது சரியென்றும் படவில்லை, தப்பென்றும் படவில்லை. அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். இருபத்தைந்து வருஷத்தில் அவர் இது வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டதில்லை. குழம்பில் உப்பில்லை என்றால் உப்பில்லாமலே தின்றுவிட்டுப் போகிற ஆள். இப்போதுதான் கேட்கிறார். கேட்டதைக் கொடுத்து அனுப்பிவிட வேண்டும். கேட்கிறது என்னவென்றுதான் விளங்கவில்லை.

உரலுக்கும் அவருக்கும் இருந்த வழக்கு அப்படிப்பட்டது.

நாற்பத்தாறில் சண்டை முடிந்து, காக்கிப் பையும் இரும்புப் பெட்டியுமாக நாகராசு பஸ்ஸைவிட்டு இறங்கியபோது, ஊரே கூடி நின்று பட்டாளத்தில் என்ன வேலை பார்த்தாய் என்று கேட்டது. "மார்ட்டர்" என்றார். ஊர் காதில் அது "மோட்டார்" என்று விழுந்தது. அவ்வளவுதான், மரியாதை கூரையைப் பிய்த்துக்கொண்டு கொட்டியது. டீக்கடையில் பெஞ்சியைத் துடைத்துவிட்டுத்தான் உட்கார வைத்தார்கள். அவருடைய அண்ணன் ரெங்கசாமி, "எந்தம்பி பர்மாக் காட்டுல கண்ணை மூடிக்கிட்டு லாரி ஓட்டுனவன்" என்று மணமேல்குடி வரைக்கும் சொல்லிவிட்டு வந்தார். மூன்று மாதம் கழித்து ஊர்ப் பெரிய வீட்டுக் கார் ஊருணிச் சேற்றில் மாட்டிக்கொண்டது. நாகராசுவை மாலை போடாத குறையாகக் கூட்டிப்போய் உள்ளே உட்கார வைத்தார்கள். அவர் சக்கரத்தைப் பிடித்தபடி ஒரு நாழிகை சும்மாவே உட்கார்ந்திருந்துவிட்டு, "எனக்கு இது தெரியாதுங்க" என்று இறங்கி வந்துவிட்டார்.

பட்டாளத்துக் காகிதத்தைப் பிச்சை வாத்தியாரிடம் கொண்டுபோனார்கள். அவர் தலைக்கு வைத்துப் படுக்கிற அளவு கனமான பள்ளிக்கூடத்து அகராதியை எடுத்துப் புரட்டி, கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, மறுபடி புரட்டி, "உரல்" என்றார்.

"என்னங்கய்யா?"

"மார்ட்டர்னா உரல். உரல் பிரிவுல வேலை பாத்திருக்கான்."

அன்றிலிருந்து அவர் 'ஒரல்' நாகராசு. வெள்ளைக்காரன் பட்டாளத்துக்கு மாவிடித்துக் கொடுத்த வீரன். டீக்கடைப் பெஞ்சியை யாரும் துடைக்கவில்லை. செங்கமலத்துக்குத் தண்ணீர்க் குடத்தோடு ஊருணிக்குப் போக வெட்கமாக இருந்தது. வீட்டில் வாய்ச்சண்டை வந்தால் அவளே எடுத்து வீசுவாள்: "பர்மா வரைக்கும் போயி மாவிடிச்சுட்டு வந்தீகளே, இங்க இந்த ரெண்டு படியை இடிச்சுக் குடுத்தா என்ன?"

அவர் மறுத்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரே ஒரு தடவை மட்டும், "ஆமா, இடிச்சேன்" என்றார். அதற்கப்புறம் அவள் உலக்கையைத் தூக்கினாலே துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கண்மாய்க் கரைக்குப் போய்விடுவார். குத்தி முடித்துப் புடைத்து, உலை வைத்த பிறகுதான் திரும்புவார்.

"கிட்ட விழுது! கிட்ட விழுது!"

உள்ளிருந்து சத்தம். முற்றத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் மேலே பார்த்தார்கள்.

"என்னடா விழுது?"

"தென்னை மட்டையைச் சொல்றாரு போல."

சந்தேகமே வேண்டாம் என்று ஒருத்தன் தென்னையில் ஏறி, பழுத்த மட்டை, பழுக்காத மட்டை, இளநீர், குரும்பை எல்லாவற்றையும் வெட்டித் தள்ளினான். ஐந்து நிமிஷத்தில் மரம் மொட்டைத்தலைச் சாமியாராக நின்றது. உள்ளே குரல் நின்றபாடில்லை.

"எட்டப் போகணும்! எட்ட!"

"கேட்டியா," என்றாள் மூக்காயி. "உசுரே சொல்லுது, எட்டப் போகணும்னு. ஏ செவந்தி, மண்ணாசை தீர வாசப்படி மண்ணைக் கொஞ்சம் கரைச்சு எடுத்துட்டு வா."

செவந்தி நாகராசுவின் ஒரே மகள், கறம்பக்குடியில் வாழ்க்கைப்பட்டவள். அழுது வீங்கிய முகத்தோடு மண் கரைத்த தண்ணீரைக் கொண்டுவந்து உதட்டில் வைத்தாள். அது கடைவாயில் வழிந்துவிட்டது.

"ஆத்தா, அப்பா என்னையவே பாக்கலை. எனக்குப் பின்னால யாரையோ பாக்குறாரு."

செங்கமலம் மகளுக்குப் பின்னால் பார்த்தாள். சுவரும், சுவரில் நல்லெண்ணெய் விளம்பரக் காலண்டரும்தான் இருந்தன.

வெளியே ரெங்கசாமிக்குப் பொறுமை போய்விட்டது. சீனாக்காரன் மலையிறங்கி வந்துவிட்டான் என்று பஞ்சாயத்து ரேடியோ சொல்லத் தொடங்கிப் பத்து நாளாகிறது. பத்து நாளும் அவர் அந்தச் சேதியைத் தம்பி தலைமாட்டில் நின்று ரேடியோவைவிடச் சத்தமாக ஒப்பித்து வந்தார். அவர் தொண்டைக்கு ரேடியோ எம்மாத்திரம். இங்கே தும்மினால் கறம்பக்குடிச் சந்தையில் மாடு மிரளும்.

"சன்னி கண்டவன் எல்லாத்தையும் தலைகீழாச் சொல்லுவான்டா. சாய்னு சொன்னா நிமித்துன்னு அர்த்தம். நிமித்துங்கடா ஒரலை!" என்று முழங்கினார்.

அதற்குள் சுற்றிலும் தோண்டி ஒரு சாண் சாய்த்திருந்த ஐந்து பேரும் மறுபக்கம் போய் முட்டுக் கொடுத்தார்கள். உரல் பொத்தென்று நிமிர்ந்து குழியில் உட்கார்ந்தது.

உள்ளேயிருந்து ஒரு அலறல் வந்தது. முன் எப்போதும் இந்த வீட்டில் கேட்டறியாத சத்தம் அது.

"நிமித்தாதே! நிமித்தாதேடா! நம்மாளு இருக்கான்!"

முருங்கை மரத்துக் காக்கைகள் ஒன்று விடாமல் கிளம்பிப் போயின. ஐந்து பேரும் கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள். உள்ளே படுத்திருப்பவனுக்கு வெளியே உரல் நிமிர்ந்தது எப்படித் தெரிந்தது? மூக்காயி தாலிக்கயிற்றைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ரெங்கசாமி போட்ட சத்தம் எட்டு வீடு தாண்டிக் கேட்டிருக்கும் என்பது யாருக்கும் தோன்றவில்லை.

"பெரியத்தான், சாய்ச்சிருங்க," என்றாள் செங்கமலம். "அவுக சொன்ன மாதிரியே சாய்ச்சிருங்க."

"யாரு இருக்கானாம் அங்க?"

"தெரியலையே."

மறுபடி தோண்டினார்கள், உந்தினார்கள். பாதிக்குப் பாதி சாய்ந்து, வாய் கண்மாய்ப் பக்கம் பார்க்க, உரல் நின்றது. அப்போதுதான் மத்தியான பஸ் வந்துபோன சத்தம் கேட்டது. கையில் ஓலைக்கொட்டானோடு, இடது காலை லேசாக இழுத்து இழுத்து நடந்து, சவரியப்பன் படலைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்.

மணமேல்குடிக் கடற்கரைக்காரர். நாகராசுவோடு பட்டாளத்தில் ஒரே இடத்தில் இருந்தவர். வருஷம் ஒருதடவை, தைப்பொங்கல் கழித்து, ஒரு கொட்டான் கருவாட்டோடு வருவார். இரண்டு பேரும் கொல்லையில் புளியமரத்தடியில் ஆளுக்கொரு கல்லில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் பொழுதைக் கழித்துவிட்டு, சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார். இப்படி ஒரு சிநேகிதமா என்று செங்கமலம் சிரித்திருக்கிறாள். ஆனாலும் முந்தாநாள் பிச்சை வாத்தியாரை விட்டு ஒரு கார்டு போடச் சொன்னவளும் அவள்தான்.

சவரியப்பன் உரலைப் பார்த்தார். அது பார்த்த திசையைப் பார்த்தார். கொட்டான் கையிலிருந்து நழுவி, கருவாடு சேற்றில் சிதறியது.

"யாரு இதைச் சாய்ச்சது?"

"அவுகதாண்ணே சாய்க்கச் சொன்னாக. காலையிலேருந்து ஒரே சத்தம். சாய்ங்கிறாக, கிட்ட விழுதுங்கிறாக, நம்மாளு இருக்கான்ங்கிறாக. ஒண்ணுமே புரியலை. ஒங்களுக்காச்சும் தெரியுமா?"

அவர் உரலின் விளிம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார். தூறல் அவர் நரைத்த தலையில் விழுந்துகொண்டிருந்தது.

"தங்கச்சி, அவன் சொல்றது இந்த ஒரலை இல்ல."

"வேற எந்த ஒரலு?"

"எங்க ஒரலு. அது ஒரு இரும்புக் குழாய். என் தோள் ஒசரம் இருக்கும். அடியில ஒரு தட்டு, முன்னால முட்டுக் குடுக்கக் காலு. குண்டை மேலேருந்து வாய்க்குள்ள போடணும். ஒரு குண்டு ஒரு வயசுப் புள்ள கனம். புள்ளையத் தொட்டில்ல விடுறாப்புல ரெண்டு கையாலயும் ஏந்தி வழுக்கி விட்டா, அடியில மோதி அதுவா கிளம்பிப் போயிரும். ரெண்டு மைலு தாண்டி, மலைக்கு அந்தப் பக்கம் போயி விழும்."

"அதுக்கு ஏண்ணே ஒரலுன்னு பேரு?"

"ஆதியில நிசமாவே ஒரல்தான்னு எங்க ஆபீசர் பாடம் எடுக்கையில சொன்னாரு. கோட்டைச் செவரைத் தாண்டி உள்ள குண்டு விழணும்னு, குட்டையா, வாய் அகலமா, இரும்புல ஊத்துனானாம். பாத்தவனெல்லாம் ஒரல் மாதிரி இருக்குன்னு சொல்லி, அதுவே பேரா நின்னுருச்சு. அப்புறம் ராசாவுக்கு ராசா போட்டி. ஒரு ஒரலை இழுக்க நாப்பது மாடு வேணும்கிற அளவுக்குப் பெருக்க வச்சானுக. அதுக்கும் பின்னால, குழிவெட்டி உக்காந்து போட்ட சண்டையில, அம்புட்டும் எதுக்கு, ஒரு குழாயும் தட்டும் போதும்னு ஒருத்தன் கண்டுபிடிச்சான். எங்க கைக்கு வந்தது அந்த வம்சத்துல பெரிய உருப்படி."

"அப்ப உரல்னு நான் சொன்னது சரிதானே!" என்று கூட்டத்தில் நின்ற பிச்சை வாத்தியாரின் முகம் பதினாறு வருஷம் கழித்துப் பூத்தது. பக்கத்தில் நின்றவர்கள் பார்த்த பார்வையில், பூத்தது அப்படியே சுருங்கியது.

சவரியப்பன் தன் வலது கையை முழங்கையோடு சாய்த்துக் காட்டினார்.

"இப்படிச் சாய்ச்சா எட்டப் போகும். நிமித்த நிமித்தக் கிட்ட வந்து விழும். பாக்குறவனுக்குத் தலைகீழாத் தெரியும். ஆனா அதுதான் கணக்கு. அந்தக் கணக்கைப் பாத்துக் குழாயைச் சாய்க்கிறது இவன் வேலை. குண்டு போடுறது என் வேலை."

சாய்த்த கையை இறக்கினார்.

"ஒரு நாள் இதே மாதிரித் தூறல். கண்ணுக்கு எதுவும் தெரியலை. மூணு நாளாத் தூக்கமில்ல. நம்மாளுங்க மலையடியில ஏறிப் போய்க்கிட்டு இருக்காங்க. அவுங்களைத் தாண்டி எட்டப் போடணும். தூரத்தைக் கூட்டுன்னு டெலிபோன்ல ஆர்டர் வருது. இங்கிலீசுல கிளம்புன வார்த்தை, இந்தியில திரும்பி, நாலு வாய் மாறி எங்க காதுக்கு வந்து சேரையில 'ஏத்து'ன்னு வந்துச்சு. இவன் குழாயை நிமித்தி ஏத்திப்புட்டான்."

உள்ளே கட்டில் கிறீச்சிட்டது.

"ஏத்துன பிறகு இவனுக்கே சந்தேகம். இரு, இருன்னு கையைத் தூக்குனான். நான் போட்டுட்டேன்."

"கிட்ட..." என்றாள் செங்கமலம்.

"கிட்டத்தான் விழுந்துச்சு. மூணு பேரு. அதுல ஒருத்தன் நமணசமுத்திரத்துக்காரன், காலையில எங்க கூட கஞ்சி குடிச்சவன்." சவரியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்தார். "சொன்னவன் தப்பா, ஏத்துனவன் தப்பா, போட்டவன் தப்பா? ஒவ்வொரு தையிலயும் அதைப் பேசித் தீத்துரணும்னுதான் பஸ் ஏறுவேன். இங்க வந்து உக்காந்தா எங்க ஆரம்பிக்கிறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியாது."

செங்கமலம் மோட்டாரை நினைத்தாள், மாவிடித்ததை நினைத்தாள், "ஆமா, இடிச்சேன்" என்றதை நினைத்தாள். எதை எதோடு சேர்ப்பது என்று தெரியவில்லை. யார் பேரில் கோபப்படுவது என்றும் தெரியவில்லை.

"இப்ப நான் அவுகளுக்கு என்ன சொல்லணும்? அதை மட்டும் சொல்லுங்கண்ணே."

"சாய்க்கச் சொன்னா, சாய்ச்சாச்சுன்னு மறுகொரல் குடுக்கணும். அது வர்ற வரைக்கும் கேட்டவன் விடமாட்டான். அதான் பழக்கம்."

"நீங்க வந்து சொல்லுங்க."

சவரியப்பன் வாசல் நிலை வரைக்கும் வந்தார். அதற்கு மேல் கால் வரவில்லை. முடியாது என்று தலையை அசைத்தார்.

செங்கமலம் உள்ளே போய்க் கட்டிலோரம் உட்கார்ந்தாள். மஞ்சள் பூத்த கண் கூரையில் நிலைத்திருந்தது. காதோரம் குனிந்தாள்.

"சாய்ச்சாச்சுங்க."

இமை ஒருதரம் ஆடியது. "எம்புட்டு?"

அவள் வாசலைப் பார்த்தாள். சவரியப்பன் கையைப் பாதிக்குச் சாய்த்துப் பிடித்துக் காட்டினார்.

"பாதிக்குப் பாதி."

"எட்டப் போச்சா?"

"போயிருச்சுங்க. ரெண்டு மைலு அங்கிட்டுப் போயி விழுந்துச்சு."

"நம்மாளு?"

வாசலில் உயர்ந்திருந்த கை இறங்கிவிட்டது.

செங்கமலம் இன்னும் நெருங்கிக் குனிந்தாள்.

"நம்மாளு எல்லாரும் வந்துட்டாங்க. மூணு பேரும். நனைஞ்சு போயி வந்தாங்க. அடுப்படியில உக்காந்து கஞ்சி குடிச்சுக்கிட்டு இருக்காங்க."

நாகராசு தலையைத் திருப்பி, காலண்டரையோ சுவரையோ அல்ல, அவளைப் பார்த்தார்.

"எனக்கும் ஊத்து."

செவந்தி ஓடினாள். நீத்துக்கஞ்சியில் கால் கரண்டி உள்ளே போனது, முக்கால் கரண்டி வெளியே வழிந்தது. செங்கமலம் முந்தானையால் துடைத்துவிட்டாள். "உப்புப் போடலையா?" என்று மகளைக் கேட்டாள். மகள் பதில் சொல்லுமுன் மூக்காயி குனிந்து மூக்கில் விரலை வைத்துப் பார்த்தாள். இந்தத் தடவை தீர்ப்புச் சொல்லாமல் அவர் இமைகளைத் தடவி மூடிவிட்டாள்.

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. தப்புக்கொட்டு வந்தது, ஒப்பாரி வந்தது, வெட்டிப்போட்ட பச்சை மட்டையெல்லாம் வீணாகாமல் பாடைக்கு ஆனது. வாய்க்கரிசிக்குப் புதுநெல் குத்த வேண்டும் என்று மூக்காயி முறத்தோடும் உலக்கையோடும் முற்றத்துக்கு வந்தாள்.

"ஏப்பா ரெங்கசாமி, இதை நேரா வையி. சாஞ்ச ஒரல்ல எப்படிக் குத்துறது?"

ரெங்கசாமி கடப்பாரையை எடுத்தார். அண்ணன்காரருக்கு அழுது தொண்டை கட்டியிருந்தது. "நிமித்துங்கடா," என்றார், பக்கத்தில் இருப்பவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி.

"நிமித்தாதீங்க," என்றாள் செங்கமலம்.

தலைவிரி கோலமாகப் பிணத்தின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் எப்போது எழுந்து வந்தாள் என்று யாரும் பார்க்கவில்லை.

"பின்ன நெல்லை எதுல குத்துறதாம்? என் தலையிலயா?"

"ஒங்க வீட்டு ஒரல்ல குத்திக்கங்கத்தா."

மூக்காயி செங்கமலத்தின் முகத்தைப் பார்த்து, முறத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்தாள். சற்று நேரத்தில் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து உலக்கைச் சத்தம் வந்தது. பொத்து, பொத்து என்று மண் வழியாக வந்து உள்ளங்காலில் ஏறியது. சவரியப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். எங்கே போவதென்று தெரியாமல் மறுபடி தோளிலேயே போட்டுக்கொண்டார்.

காடு சேர்த்துவிட்டுத் திரும்பி, எல்லோரும் தலை முழுகி, கூட்டம் கலைந்தபோது தூறலும் விட்டிருந்தது. சவரியப்பன் சாயங்கால பஸ்ஸுக்குக் கிளம்பவேண்டும். சேற்றில் சிதறிய கருவாட்டைப் பொறுக்கிக் கழுவிக் கொட்டானில் போட்டுச் செவந்தியிடம் கொடுத்தார். சொல்லிக்கொள்ளாமல் படல் வரைக்கும் போனவர் திரும்பி வந்தார். கொல்லை மதிலோரம் கிடந்த அரைச் செங்கல் ஒன்றை எடுத்துவந்து, செங்கமலத்திடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டு உரலுக்குப் பக்கத்தில் குந்தினாள். சாய்ந்த பக்கம் மண் இளகி, உரல் லேசாகத் தன் பழைய குழிக்குத் திரும்பப் பார்த்தது. செங்கல்லை அடியில் செருகி, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினாள். பிறகு எழுந்து காலால் ஒரு உந்து உந்தினாள்.

உரல் அசையவில்லை. வாயில் பாதிக்கு நின்ற மழைத்தண்ணீர் மட்டும் ஒருதரம் ஆடி, கண்மாய்ப் பக்கமாகச் சொட்டியது.